வினாவும் விடையும்: சித்தூர் – திருப்பதி வட்டார வரலாற்றில் ஊர்ச் செய்தி வினவல்கள்

முன்னுரை

ஊர் வரலாறு என்பது பெரும்பாலும் வினாவிலிருந்தே தொடங்குகின்றது. இவ்வூருக்கு இப்பெயர் எவ்வாறு வந்தது, இக்கோயிலைக் கட்டியவர் யார், இந்நிலம் யாருடையது, இவ்வுரிமை எக்காலத்தது என்பன போன்ற வினாக்களை ஊரார் எழுப்புகின்றனர். அவற்றிற்கு விடை கூறவே வரலாற்றுக் கழகங்களும் கல்வெட்டு ஆய்வு அமைப்புகளும் அருங்காட்சியகங்களும் பல்கலைக்கழகத் துறைகளும் நாடப்படுகின்றன. பேரரசுகளின் வரலாற்றை எழுதுவோர் தமக்குரிய வினாக்களைத் தாமே அமைத்துக்கொள்கின்றனர். ஊர் வரலாற்றை எழுதுவோருக்கோ வினாக்கள் பெரும்பாலும் பிறரிடமிருந்தே வருகின்றன. ஆதலின் ஒரு வட்டாரத்தின் வரலாற்றெழுத்தை ஆராய்வோர், அங்குக் கேட்கப்பட்ட வினாக்களையும் அவற்றைக் கேட்டோரையும் விடை கூறியோரையும் சேர்த்தே ஆராய்தல் வேண்டும்.

இவ்வாய்வுக்குச் சித்தூர் – திருப்பதி வட்டாரம் மிகவும் ஏற்ற களமாகும். தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் நிலப்பகுதி இது. மேற்கே கன்னடத்தின் செல்வாக்கும் உண்டு. பல்லவர், சோழர், யாதவராயர், விசயநகர வேந்தர் ஆகியோர் காலக் கல்வெட்டுகள் இங்கு மிகுதியாக உள்ளன. கும்பினி ஆட்சிக்காலத்தில் எழுதப்பட்ட வினாவிடை ஆவணங்களும் இவ்வட்டாரத்திற்கு உண்டு. இவ்வினாக்களின் வரலாற்றைத் தொகுத்து நோக்கி, இன்று பொதுமக்கள் கேட்கும் ஊர் வரலாற்று வினாக்களுக்குத் தமிழ்த்துறைகள் ஆற்ற வேண்டிய பணியை எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கும்பினி ஆட்சியார் கேட்ட வினாக்கள்

1801-ஆம் ஆண்டு ஆர்க்காட்டு நவாபின் ஆட்சிப்பகுதி கும்பினியாரின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. அதனுடன் திருமலைக் கோயிலின் வருவாயும் அவர்கள் கைக்கு மாறியது. வருவாயைப் பெறுவோர்க்கு அதன் ஊற்றுக்கண்ணை அறியும் தேவை எழுந்தது. கோயிலுக்குரிய ஊர்கள் எவை, பூசைகள் எவை, ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவு எவ்வளவு, பணியாளர் எவர், அவர்தம் உரிமை எத்தகையது என வினவப்பட்டது. 1803-இல் கலெக்டர் ஸ்ட்ராட்டன் வருவாய் வாரியத்திற்கு அனுப்பிய அறிக்கை இவ்வினாக்களின் விளைவே ஆகும். கோயிலின் நடைமுறைகளும் நிலங்களும் செலவினங்களும் அதில் பட்டியலிடப்பெற்றன.

1819-ஆம் ஆண்டைச் சேர்ந்த ‘சவால்-இ-ஜவாப்’ என்னும் ஆவணம் இவ்வகையில் தனித்த கவனத்திற்குரியது. பெயரே அதன் அமைப்பைக் காட்டுகின்றது. ‘சவால்’ என்பது வினா. ‘ஜவாப்’ என்பது மறுமொழி. கோயிலில் வழிவழியாகப் பணியாற்றியோரின் கடமை, உரிமை, வழக்கம் ஆகியன பற்றிய வினாக்களும் விடைகளும் அதில் பதிவாயின. இதனை அடுத்து 1821-இல் சித்தூரிலிருந்த அதிகாரி ப்ரூஸ் கோயில் ஆட்சிக்கென 42 விதிகளை வகுத்தார். ‘ப்ரூஸ் விதித்தொகுப்பு’ என இன்றும் இது சுட்டப்படுகின்றது. 1843-இல் கோயில் ஆட்சி ஹாதிராம்ஜி மடத்து மகந்திடம் ஒப்படைக்கப்பட்டது. 1933-இல் சட்டத்தின் வழித் தேவஸ்தான ஆட்சிக்குழு அமைந்தது. ஆட்சி கைமாறிய இக்காலங்களிலும் மேற்கூறிய ஆவணங்கள் வழக்கத்திற்குச் சான்றாக எடுத்துக்காட்டப்பட்டு வந்தன. 1987-ஆம் ஆண்டுச் சட்டம் வழிவழி உரிமைகளை நீக்கியது. 1996-இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றுக்கொண்டது. ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகள் இவ்வுரிமைகள் எழுத்துச் சான்றைக் கொண்டு பேசப்பட்டன என்பது நோக்கத்தக்கது.

இவற்றிலிருந்து ஓர் உண்மை புலனாகின்றது. வினா உரிமையைப் பற்றியதாயின் விடையும் உரிமையைப் பற்றியதாகவே அமையும். ஸ்ட்ராட்டனின் அறிக்கையில் திருவிழாச் செலவு உண்டு. திருவிழாவைக் கண்ட மக்களின் வாழ்வு இல்லை. வினவாதது எழுதப்படவில்லை. எனவே இவ்வகை ஆவணங்களைப் பயன்படுத்துவோர் விடையை மட்டும் படிப்பது போதாது. அவ்விடையைத் தோற்றுவித்த வினாவையும் உடன் வைத்துப் படித்தல் வேண்டும்.

வினவும் உரிமை: காவலி லட்சுமையாவின் முயற்சி

ஆட்சித் தேவைக்கு அப்பால் ஊர்ச் செய்திகளைத் திரட்டிய பெருமுயற்சி காலின் மெக்கன்சியினுடையது. ஊர்க்கணக்கர், கோயிலார், பாளையக்காரர் முதலியோரிடம் வினாக்களை விடுத்து விடைகளைப் பெற்றனர் அவருடைய உதவியாளர்கள். இவ்வாறு பெற்ற ஊர் வரலாறுகளே ‘கைபீதுகள்’ எனப்படுகின்றன. 1800-இல் கும்பினியாருக்குக் கிடைத்த கடப்பைப் பகுதியின் கைபீதுகள் இத்தொகுப்பில் குறிப்பிடத்தக்க இடம் பெறுகின்றன. அக்கடப்பையிலிருந்த மதனப்பள்ளி, வாயல்பாடு வட்டங்கள் 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதனுடன் இணைக்கப்பெற்றன.

இப்பணியில் முதன்மையான இடம் பெற்றோர் காவலி உடன்பிறப்பினர். அவர்களுள் வெங்கட போரையா 1803-இல் மறைந்தார்; அவருக்குப்பின் லட்சுமையா பொறுப்பேற்றார். 1821-இல் மெக்கன்சி மறைந்தபின், நின்றுபோன வினவற்பணியைத் தொடர லட்சுமையா விழைந்தார். 1830-களில் சென்னை இந்து இலக்கியச் சங்கத்தின் தலைவராக இருந்து அதற்கென அரசின் ஆதரவை நாடினார். இந்தியர் ஒருவரின் தலைமையில், இந்தியரைக் கொண்டு ஊர் வரலாறுகளைத் தொகுக்க முனைந்த முன்னோடி அமைப்பு இது எனலாம். அவருடைய திட்டம் வங்காள ஆசியக் கழகத்தின் கருத்துக்கு அனுப்பப்பட்டது. அக்கழகத்தின் செயலர் ஜேம்ஸ் பிரின்செப், இந்தியர் ஒருவர் இப்பணிக்குத் தகுதியுடையவராகார் என்னும் கருத்தினைத் தெரிவித்தார். திட்டம் கைவிடப்பட்டது. சுவடிகளை ஆராயும் பொறுப்பு வில்லியம் டெய்லர் என்னும் பாதிரியாருக்கு வழங்கப்பெற்றது.

பல ஆண்டுகள் ஊர் ஊராகச் செய்தி திரட்டிய குழுவை நடத்தியவர் லட்சுமையா. விடை திரட்டுதற்கு ஏற்றவராகக் கருதப்பட்ட அவர், வினா எழுப்புதற்கும் முடிவு கூறுதற்கும் ஏற்றவராகக் கருதப்படவில்லை. ஊர் வரலாற்றில் ஊரார் செய்தி தருவோராகவும் பிறர் வரலாறு எழுதுவோராகவும் பிரிந்து நின்ற நிலை இவ்வாறு உறுதிப்பட்டது. ஆர்தர் காக்ஸ் 1881-இல் தொகுத்து, பின்னர் ஸ்டூவர்ட் 1890-களில் திருத்திய வட ஆர்க்காட்டு மாவட்டக் கையேடும், இராபர்ட் சீவெல் 1882-இல் வெளியிட்ட தொல்பொருட் பட்டியலும் இம்மரபில் வந்தவையே. இவை இன்றும் பயன்படுகின்றன என்பதில் ஐயமில்லை. எனினும் இவற்றிற் காணும் ‘ஊரார் கூறுவர்’ என்னும் போக்கிலமைந்த குறிப்புகளில் கூறியவர் யார், எதனைக் கண்டு கூறினார் என்பன பெரும்பாலும் இடம்பெறவில்லை.

கல்வெட்டுகள்: முன்கூட்டியே எழுதப்பட்ட விடைகள்

ஆட்சியாளரின் வினாக்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே எழுதப்பட்ட விடைகள் இவ்வட்டாரக் கோயிற் சுவர்களில் உள்ளன. திருமலை, திருப்பதி, திருச்சானூர்க் கோயில்களில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் கண்டறியப்பட்டுள்ளன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. தெலுங்கு, கன்னடக் கல்வெட்டுகள் சிலவே. தெலுங்கு வழங்கும் நாட்டின் புகழ்மிக்க கோயிலது வரலாற்றுக்கான முதன்மைச் சான்று தமிழில் இருப்பது இவ்வட்டாரத்தின் தனித்தன்மையாகும்.

இக்கல்வெட்டுகளின் அமைப்பை நோக்கின், பிற்காலத்தில் எழக்கூடிய வினாக்களை எண்ணியே அவை எழுதப்பட்டன என்பது தெளிவாகும். கொடுத்தவர் யார், கொடுத்த பொருள் யாது, அதனைக் கொண்டு செய்ய வேண்டுவது யாது, செய்யத் தவறாது காப்பவர் யாவர் என வரிசைப்பட விடை கூறப்படுகின்றது. விசயநகரக் காலக் கல்வெட்டுகளில் பக்தர் அளித்த பணம் கோயிலூர்களில் ஏரி, கால்வாய் வெட்டுதற்கு இடப்பட்டது. அதனால் மிகுந்த விளைச்சலைக் கொண்டு அமுதுபடி நடைபெற்றது. படைத்த அமுதில் நாலில் ஒரு பங்கு ‘விட்டவன் விழுக்காடு’ எனக் கொடையாளிக்கு உரியதாயிற்று. கோயிலைப் பொருளாதார நிறுவனமாக ஆராய்ந்த பர்ட்டன் ஸ்டைன் 1960-இல் வெளியிட்ட கட்டுரைக்கு அடிப்படை இக்கல்வெட்டுச் செய்திகளே ஆகும். கலெக்டரின் பட்டியல் கூறாத உழவும் நீர்ப்பாசனமும் சமையலும் இங்கே பேசப்படுகின்றன.

கல்லில் எழுதிய விடையும் அழியக்கூடும் என்பதை அக்காலத்தார் உணர்ந்திருந்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில், யாதவராயர் வீரநரசிங்கதேவர் ஆட்சியில், திருப்புல்லாணிதாசர் என்பார் திருமலைக் கோயிலைப் புதுப்பிக்கும் பணியை மேற்கொண்டார். அப்போது பழஞ்சுவர்களிலிருந்த கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டுப் புதுச்சுவர்களில் மீண்டும் வெட்டப்பெற்றன. திருப்பணியும் ஆவணக் காப்பும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதற்கு இது பழஞ்சான்றாகும்.

தற்காலத்தில் இப்பணியைச் செய்தவர் சாது சுப்பிரமணிய சாஸ்திரி. 1920-களில் திருமலை – திருப்பதிக் கல்வெட்டுகளைப் படியெடுத்து ஆராய்ந்த அவருடைய அறிக்கை 1930-இல் வெளிவந்தது. தொடர்ந்து அவரும் விஜயராகவாசாரியரும் பதிப்பித்த ஆறு தொகுதிகள் 1930-களில் தேவஸ்தானத்தாரால் வெளியிடப்பெற்றன. தமிழ் மூலம், ஆங்கில மொழிபெயர்ப்பு என அவை அமைந்தன. இதற்கு முன்பே 1919-இல் வி. ரங்காசாரியர் சென்னை மாகாணக் கல்வெட்டுகளை மாவட்டம், வட்டம், ஊர் என்னும் வரிசையில் தொகுத்து வெளியிட்டிருந்தார். ஊரின் பெயரைக் கொண்டு அவ்வூர்க் கல்வெட்டுகளைத் தேட வழிசெய்த முதற்பெருந்தொகுப்பு அது. ஊரார் வினாவிற்கு விடை தேடுவோர்க்கு இவ்விரண்டும் இன்றியமையாதன.

‘இவ்வூர் எவருடையது?’ – எல்லை வினா

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இவ்வட்டாரத்தில் எழுந்த பெருவினா எல்லையைப் பற்றியது. தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்தின் வடக்கெல்லையாக வேங்கடத்தைக் குறிப்பிடுகின்றது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அதனுடன் சேர்ந்தது. ம. பொ. சிவஞானம் தலைமையிலான தமிழரசுக் கழகமும் மங்கலங்கிழார் முதலியோரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தில் இலக்கியமும் கல்வெட்டும் சான்றுகளாக எடுத்துரைக்கப்பட்டன. தெலுங்கர் தரப்பிலும் வரலாற்றுச் சான்றுகள் காட்டப்பட்டன.

ஆயினும் முடிவு வரலாற்றைக் கொண்டு எட்டப்படவில்லை. எச். வி. படாஸ்கர் வகுத்த நெறி ஊரை அலகாகக் கொண்டது. மக்கள்தொகைக் கணக்கின்படி பெரும்பான்மையோர் பேசும் மொழியும் நிலத் தொடர்ச்சியும் அளவுகோல்களாயின. அதன்படி 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதியும் அதனை அடுத்த சில ஊர்களும் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. சத்தியவேடு பகுதி ஆந்திரத்திற்குச் சென்றது. திருப்பதியும் சித்தூரும் ஆந்திரப் பிரதேசத்திலேயே நிலைத்தன.

எல்லை வினாவிற்கு விடை கிடைத்தது; ஆனால் அதன் பின்விளைவு ஒன்று போதிய அளவு கருதப்படவில்லை. பல்கிக் கிடக்கும் தமிழ்க் கல்வெட்டுகள் ஒரு மொழியிலும், அவற்றின் நடுவே வாழும் மக்களின் பள்ளிக்கல்வி பெரும்பாலும் மற்றொரு மொழியிலும் அமைந்துவிட்டன. மாநில எல்லைக்குத் தெற்கேயுள்ள தமிழறிஞர் பலர் இவ்வட்டாரத்தை இழந்த நிலமாகவே எண்ணினர். ஆகவே அங்கு வாழ்வோர் கேட்கும் வினாக்களுக்கு விடை கூறும் பொறுப்பு தமக்கும் உண்டு என்னும் எண்ணம் வலுப்பெறவில்லை. எல்லையை வரையறுக்கச் சான்றாகக் காட்டப்பட்ட கல்வெட்டு, எல்லை முடிவானபின் படிப்பாரற்றுப் போவது வருந்தத்தக்கது.

பொதுமக்கள் வினாக்கள்: சில சான்றுகள்

இன்று ஊர் வரலாறு பற்றி எழும் வினாக்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, சான்றுகள் எவ்வளவு தொலைவு விடை கூறுகின்றன என்பதை நோக்கலாம்.

முதலாவது, ஊர்ப்பெயர் பற்றியது. ‘சித்தூர்’ என்பதைச் ‘சிற்றூர்’ என்பதன் திரிபாகக் கொள்வது பரவலான வழக்கு. ‘காற்று’ பேச்சு வழக்கில் ‘காத்து’ ஆவதுபோல் றகர மெய்யிரட்டல் தகர மெய்யிரட்டலாவது இயல்பாதலின், இவ்விளக்கம் மொழியியலுக்குப் பொருந்துவதே. திருச்சானூரின் நிலை வேறு. சுகமுனிவரோடு தொடர்புபடுத்தி அப்பெயருக்குப் பொருள் கூறுவது தலபுராண மரபு. கல்வெட்டுகளோ திருவேங்கடக் கோட்டத்துக் குடவூர் நாட்டுத் ‘திருச்சோகினூர்’ என அதனைக் குறிக்கின்றன. அவ்வூர்ச் சபையாரின் செயற்பாடுகளும் கல்வெட்டுகளிலிருந்தே தெரியவருகின்றன. வினவுவோரிடம் மரபுவழிப் பொருளையும் கல்வெட்டு வடிவத்தையும் தனித்தனியே கூறுவதே முறையாகும்.

இரண்டாவது, ஊரின் தொன்மை பற்றியது. 1130 பிப்ரவரி 24 அன்று இராமானுசர் திருப்பதி நகரத்திற்கு அடிக்கல் நாட்டினார் என்னும் கருத்தின் அடிப்படையில், 2022-இல் திருப்பதியின் 892-ஆவது பிறந்தநாள் விழா கொண்டாடப்பெற்றது. இராமானுசர் கோவிந்தராசரை இங்கு எழுந்தருளச்செய்து கோயிலைச் சூழ ஊர் அமைத்தார் என்பது வைணவ மரபு. அம்மரபு மதிப்பிற்குரியது, நகரின் அமைப்பை விளக்கவும் அது உதவுகின்றது. ஆயினும் அடிவாரத்துக் கோயிலைச் சூழ்ந்து ஊர் வளர்ந்த வகையைக் கல்வெட்டுகளின் துணையால் படிப்படியாக அறிய முடிகின்றதேயன்றி, ஒரு நாளில் ஊர் பிறந்ததாகக் கொள்வதற்கில்லை. அடுத்துள்ள திருச்சானூர்க் கல்வெட்டுகள் பல்லவர் காலம்வரை பின்னோக்கிச் செல்கின்றன. பிறந்தநாள் கொண்டாடுவது மக்களின் விருப்பம். அந்நாள் மரபுவழி வந்ததா, கல்வெட்டு வழி உறுதிப்பட்டதா என்பதைத் தெளிவுறுத்துவது ஆய்வாளரின் கடமை.

மூன்றாவது, திருமலையிலுள்ள வெள்ளித் திருமேனியின் காலம் பற்றியது. காடவன் பெருந்தேவி எனப்பட்ட சாமவை இத்திருமேனியை எழுந்தருளச்செய்து அணிகளும் நிலமும் அளித்தமையைக் கல்வெட்டு கூறுகின்றது. இதன் காலம் 614 என்று சிலரும் 966 என்று சிலரும் எழுதுகின்றனர். வழிபட வருவோர் இரண்டையும் படித்துக் குழம்புகின்றனர். வேறுபாட்டின் காரணம் எளியது. கல்வெட்டில் கொப்பாத்திர மகேந்திர பன்மரின் பதினான்காம் ஆட்சியாண்டு குறிக்கப்பெற்றுள்ளது. தொடர் ஆண்டு குறிக்கப்பெறவில்லை. அவ்வரசரை முதலாம் மகேந்திரவர்மனாகக் கொள்வோர் ஏழாம் நூற்றாண்டையும், பிற்கால அரசனாகக் கொள்வோர் பத்தாம் நூற்றாண்டையும் கூறுகின்றனர். ஓர் ஆண்டை மட்டும் கூறி அமைவதைவிட, இவ்விளக்கத்தைச் சில தொடர்களில் கூறுவதே வினவுவோருக்குப் பயன் தரும்.

நான்காவது, தொண்டைமானாடு பற்றியது. திருக்காளத்திக்கு அருகிலுள்ள இவ்வூரைத் திருவேங்கட மாகாத்மியம் கூறும் தொண்டைமான் சக்கரவர்த்தியோடு இணைத்துப் பேசுவது வழக்கம். இங்குள்ள ஆதித்தேசுவரம் முதலாம் ஆதித்த சோழனின் பள்ளிப்படையாகும். தொண்டைமானாற்றூரில் அவன் துஞ்சியதைக் கல்வெட்டு குறிக்கின்றது. மகனான முதலாம் பராந்தகன் இதனை எடுப்பித்தான். தொண்டை மண்டலத்தைச் சோழப் பேரரசுடன் சேர்த்த வேந்தன் மறைந்த ஊர் அத்தொண்டை மண்டலத்தின் வட பகுதியிலேயே உள்ளது என்பது, அவ்வூரார் அறிந்து பெருமைகொள்ளத்தக்க செய்தி. புராண மரபு ஊரின் பெயருக்கு ஒரு விளக்கம் தருகின்றது. கல்வெட்டோ அவ்வூரைத் தென்னிந்திய வரலாற்றின் மையத்தில் நிறுத்துகின்றது.

ஐந்தாவது, கொடைப்பொருள் பற்றியது. கிருஷ்ணதேவராயர் 1513-இல் முதன்முறை திருமலைக்கு வந்து மணிமுடி முதலிய அணிகலன்களை வழங்கினார். தேவியர் திருமலாதேவியும் சின்னாதேவியும் பாலமுதுக்குப் பொற்கிண்ணங்கள் அளித்தனர். 1514-இல் 30,000 பொற்காசுகளால் கனகாபிடேகம் செய்வித்தார். இவை கல்வெட்டுச் செய்திகள். அவ்வணிகலன்களின் இன்றைய நிலை யாது எனத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழி வினா எழுப்பப்பட்டது. 2018-இல் மத்தியத் தகவல் ஆணையம் இது குறித்த தகவல்களைத் தெரிவிக்குமாறு உரியவர்களைப் பணித்தது. ஊர் வரலாற்று வினா சட்ட வினாவாக வளர்ந்த நிகழ்வு இது. அளித்தமைக்குக் கல்வெட்டு சான்றாகும். இடைப்பட்ட ஐந்நூறு ஆண்டுகளில் ஒவ்வொரு பொருளும் அடைந்த நிலைக்குப் பதிவேடுகளே சான்றாதல் வேண்டும். ஒரு சான்று எவ்வினாவிற்கு விடை கூறும், எவ்வினாவிற்குக் கூறாது என்பதைப் பிரித்துணர்த்தும் கடமையை இந்நிகழ்வு நினைவூட்டுகின்றது.

ஆறாவது, இடிக்கப்பட்ட கட்டடங்கள் பற்றியது. திருமலைக் கோயிலின் எதிரே 1464-இல் சாளுவ மல்லய்யதேவ மகாராசர் கட்டுவித்த ஆயிரங்கால் மண்டபம் 2003-இல் அகற்றப்பட்டது. நெரிசலைக் குறைக்கும் பெருந்திட்டத்தின் பகுதியாக இது நிகழ்ந்தது. அகற்றியபின்பே பலர் அதனைக் கட்டியவர் யார், எப்போது கட்டினார் என வினவத் தொடங்கினர். விடை முன்பே கல்வெட்டிலும் அச்சிலும் இருந்தது. ஆனால் உரிய நேரத்தில், உரிய மொழியில், பொதுமக்கள் கையில் அது இல்லை. ஊர் வரலாற்று வினாக்களைப் பொழுதுபோக்காகக் கருதுவோர் சிந்திக்க வேண்டிய இடம் இதுவாகும்.

விடை கூறும் முறை

மேற்கண்ட சான்றுகளிலிருந்து விடை கூறுவோர் பின்பற்றத்தக்க நெறிகள் சிலவற்றைத் தொகுத்துக் கூறலாம்.

கல்வெட்டு, இலக்கியம், தலபுராணம், வாய்மொழி, ஆட்சி ஆவணம் ஆகியவற்றை ஒன்றோடொன்று கலவாது, எது எதனைக் கூறுகின்றது எனப் பிரித்துக் காட்டுதல் முதல் நெறியாகும். மரபை மறுப்பது இதன் நோக்கமன்று. மரபும் வரலாற்றுக்குரிய பொருளே. எக்காலத்து மக்கள் எவ்வாறு நம்பினர் என்பதற்கு அது சான்றாகின்றது.

வினவுவோர் தரும் செய்தியை அவர் பெயர், ஊர், அவர் அறிந்த வழி ஆகியவற்றுடன் பதிவுசெய்தல் இரண்டாவது. ஓர் ஊரார் தம் வயலிலுள்ள கல்லைப் பற்றி வினவும்போது, அவ்வினாவே ஒரு கண்டுபிடிப்பாக அமையக்கூடும். சித்தூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் வீரக்கற்கள் பல உள்ளன. இத்தகைய கற்களை முதலிற் காண்போர் உழவரும் ஆடு மேய்ப்போருமே ஆவர். அவர்களைச் செய்தி தருவோராக மட்டும் கருதாது, ஆய்வில் பங்குடையோராக ஏற்றல் வேண்டும். லட்சுமையாவிற்கு மறுக்கப்பட்ட மதிப்பு இன்றைய ஊரார்க்கும் மறுக்கப்படலாகாது.

விடையை வினவுவோர் மொழியிலேயே கூறுதல் மூன்றாவது. இங்குத் தமிழ்த்துறைகளின் பங்கு பெரிது. தமிழ்க் கல்வெட்டின் சொல்லும் பொருளும் அறிந்தோர் தமிழறிஞர். அதனைத் தெலுங்கில் எடுத்துரைக்க வல்லோர் அவ்வட்டாரத் தெலுங்கறிஞர். இருவரும் இணையாமல் விடை முழுமை பெறாது. 1939-இல் தேவஸ்தானத்தார் நிறுவி 1956-இல் பல்கலைக்கழகத்திற்கு மாறிய கீழ்த்திசை ஆய்வு நிறுவனம், 1954-இல் தோன்றிய திருவேங்கடவன் பல்கலைக்கழகம், 1997-இல் குப்பத்தில் தோன்றிய திராவிடப் பல்கலைக்கழகம் ஆகியன இவ்விணைப்புக்கு இயல்பான களங்களாகும். ஊர்வாரியான கல்வெட்டுச் சுருக்கங்களை இருமொழியிலும் வெளியிடுவதும், மாணவர் ஆய்வேடுகளுக்கு ஊரார் வினாக்களையே பொருளாக அளிப்பதும் இத்துறைகளால் இயலக்கூடிய பணிகளே. 2022-இல் சித்தூர், நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு திருப்பதி தனி மாவட்டமாயிற்று. புது மாவட்டத்திற்கு வரலாறு எழுதப்படும் காலத்திலேயே இப்பணி தொடங்கப்பெறின் பயன் மிகும்.

முடிவுரை

சித்தூர் – திருப்பதி வட்டாரத்தில் இரு நூற்றாண்டுகளாக வினாக்கள் கேட்கப்பட்டு வருகின்றன. கும்பினி ஆட்சி வருவாயை அறிய வினவியது. அதன் விடைகள் ஆவணங்களாயின. வழக்காடுவோர் உரிமையை அறிய வினவினர், அவ்விடைகள் தீர்ப்புகளாயின. எல்லைக்காக வாதிட்டோர் நிலத்தை அறிய வினவினர். அவ்விடை மாநில வரைபடமாயிற்று. தம் ஊரை அறிய விரும்பும் பொதுமக்களின் வினாவிற்கு மட்டும் விடை கூறும் அமைப்பு போதிய அளவு உருவாகவில்லை.

கிருஷ்ணதேவராயர் 1513-இல் திருமலைக்கு அளித்த கொடையைத் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் வெட்டுவித்தார். மலைக்கு வருவோர் பல மொழியினர் என்பதையும், செய்தி அவரவர்க்குப் புரிதல் வேண்டும் என்பதையும் அக்கால ஆட்சி அறிந்திருந்தது. அச்சுவருக்கு அருகில் நின்று ‘இதில் என்ன எழுதியுள்ளது?’ என இன்று வினவுவோருக்கு அவர் மொழியில் விடை கூறுவது, தமிழ்க் கல்வெட்டுகளின் பொருளை அறிந்தோர் அனைவரின் கடமையாகும். வேங்கடத்தை வடக்கெல்லையாகப் பாடம் சொல்லும் தமிழ்த்துறைகள் அங்கு வாழும் மக்களின் வினாக்களையும் தம் பாடத்தில் சேர்த்துக்கொள்ளுதல் வேண்டும்.